கால்பந்துச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லீக் ஆட்டங்கள் குறித்த காலத்தில் முடிந்தன. நிர்வாகக் குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே ஆண்டு முழுக்க நம்மிடையே பேசப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்: நம் கீப்பர் அடித்தும் கணக்கில் சேராமல் போன அந்தக் கோல்.

அன்று பலத்த காற்று. நம் கீப்பர் அடித்த கோல் கிக் (எதிரணியின் காலில் பட்டு நம் கோல் பக்க எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்தை நம் வலைக்கு முன்னிருந்து உதைத்து ஆட்டத்தைத் தொடர்வது) எதிரணி பாக்ஸுக்கு, அதாவது அவர்கள் வலைக்கு முன்னுள்ள பெனால்டி கட்டத்துக்கு, முன்னால் ஒருமுறை குத்தி, முன்னேறி நின்ற அவர்கள் கீப்பரின் தலைக்கு மேல் எழும்பி வலைக்குள் போனது. யார் மேலும் படாததால் கோல் இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். நம் பக்கத்தில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. நமக்கும் விதி தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. கோல் கிக் நேராக எதிரணி வலைக்குள் போனால் அது கோல்தான். 2021 ஜனவரியில் இங்கிலாந்து லீக்கில் ஆடும் நியூபோர்ட் கவுன்டி அணியின் கீப்பர் டாம் கிங், செல்டன்ஹாம் அணிக்கு எதிராக அப்படித்தான் அடித்தார். தூரம் 96.01 மீட்டர், அப்போது அது கின்னஸ் சாதனையானது.

ஆட்டம் மறுபடி தொடங்கிய பிறகு முடிவை மாற்ற முடியாது. அதனால் மனு எதுவும் கொடுக்காமல், விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று மாலைகள் உட்கார்ந்தோம். அன்று விசில் ஊதிய நடுவரும் வந்தார். அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அதிக நேரம் வாதாடியது கையால் எறிவதைப் பற்றித்தான். முன்பெல்லாம் கீப்பர் தன் பாக்ஸிலிருந்து எறிந்த பந்து நேராக எதிரணி வலைக்குள் போனால் கோல். 2019இல் விதியை மாற்றினார்கள். இப்போது எதிரணிக்குக் கோல் கிக். மூத்த உறுப்பினர்கள் பலருக்கு இது புதுச் செய்தி. ஆனால் கையிலிருக்கும் பந்தைக் காலால் உதைத்து அனுப்பினால் கோல் உண்டு. 1967இல் இங்கிலாந்தின் சாரிட்டி ஷீல்டு ஆட்டத்தில் டாட்டன்ஹாம் கீப்பர் பாட் ஜென்னிங்ஸ், மான்செஸ்டர் யுனைடெட் வலையில் போட்டது அந்த வகை. நடுக்கோட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்-ஆஃபிலிருந்தும் நேராகக் கோல் போடலாம், அதைக் கீப்பரே எடுக்கவும் தடையில்லை. சொந்த வலை காலியாகக் கிடக்குமே, அதனால் நான் யாரையும் அப்படிச் செய்யச் சொல்லமாட்டேன்.

பெனால்டி, ப்ரீ கிக் பற்றி அதிகம் விளக்கத் தேவைப்படவில்லை. பராகுவே கீப்பர் சிலாவெர்ட் 1999இல் அர்ஜென்டினாவின் வெலெஸ் சார்ஸ்ஃபீல்டு அணிக்காக ஒரே ஆட்டத்தில் மூன்று பெனால்டி அடித்தார். பிரேசிலின் சாவ் பாலோ அணிக் கீப்பர் ரொஜேரியோ செனி நூறு கோலுக்கு மேல் போட்டவர். நம் கீப்பர்கள் மறக்கக் கூடாதது ஒன்று: பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தால், வேறொருவர் தொடும்வரை அடித்தவர் மறுபடி தொடக் கூடாது. உடனே தன் வலையைக் காக்கத் திரும்பி ஓடிவிட வேண்டும்.

அப்புறம் கடைசி நிமிடக் கார்னர், கீப்பரும் கோல் தேடி எதிரணி வலைப் பக்கம் போகும் நேரம். 2021 மே மாதம் வெஸ்ட் பிராம் அணிக்கு எதிராக லிவர்பூல் கீப்பர் அலிசன் தலையால் முட்டிய கோலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2016இல் தென்னாப்பிரிக்கக் கீப்பர் மசுலுகே அடித்தது பைசைக்கிள் கிக், அந்தரத்தில் மல்லாந்து தலைக்கு மேலாக உதைப்பது! அங்கே போகும் கீப்பருக்குக் கையுறை எந்தச் சலுகையும் தராது. தன் பாக்ஸைத் தாண்டினால் அவரும் மற்ற ஆட்டக்காரர்களைப் போலத்தான். தெரியாமல் கையில் பட்டு நேராக உள்ளே போனாலும் கோல் இல்லை.

இனி ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் நடுவர்களும் கீப்பர்களும் சேர்ந்து இந்த விதிகளைப் படிப்பது என்று குழு முடிவு செய்திருக்கிறது. உங்கள் ஒப்புதலைக் கேட்கிறேன்.

அந்தக் கோலை லீக் பதிவேட்டில் சேர்க்க முடியாது. சங்கத்தின் குறிப்பேட்டில் நாள், நிமிடத்தோடு என் கையால் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கீப்பர் இன்று வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவர் அந்தக் குறிப்பை வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்