1717-க்கு 75 ஆண்டுகள் முன்பே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பள்ளிக்கல்வி வரலாற்றுக் கட்டுரையில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று முதலில் ஆணையிட்ட ஜெர்மானிய அரசு பிரஷ்யா, ஆண்டு 1717 என்று அச்சாகியிருக்கிறது. 34 ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அதற்கு 75 ஆண்டுகள் முன்பு, 1642-இல், ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள கோத்தா என்ற சின்ன நாட்டில் இதே ஆணை வந்துவிட்டது. பிறப்பித்தவர் கோமகன் எர்ன்ஸ்ட். 'பக்திமான் எர்ன்ஸ்ட்' என்று வரலாறு அவரை அழைக்கிறது. அவரையும் இதில் முதலாமவர் என்று சொல்லமாட்டேன். அவர் பிறந்த வைமார் அரசகுடும்பமே 1619-இல் இப்படியோர் ஆணை போட்டிருந்தது. அவருடைய தாய் டொரோதியா மரியா, கல்விச் சீர்திருத்தக்காரரான ராட்கேயை ஆதரித்தவர். ஆனால் ஆணையை ஊர் ஊராக நடத்திக் காட்டியதில்தான் எர்ன்ஸ்டின் பெருமை இருக்கிறது.

காலத்தைப் பாருங்கள். ஜெர்மானிய நாடுகளைச் சூறையாடிய முப்பதாண்டுப் போர் முடிய இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன. படைகள் மாறி மாறி வந்து போனதில் கிராமங்கள் பாழாகிக் கிடந்தன. எர்ன்ஸ்டும் 1632-இல் அந்தப் போரின் லூட்சன் களத்தில் நின்றவர்தான். 1640-இல் சகோதரர்களுக்குள் பாகம் பிரித்தபோது கோத்தா அவர் பங்குக்கு வந்தது. மறு ஆண்டே, மக்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்துவர ஊர்தோறும் ஆள் அனுப்பினார். அதன் பிறகு, பள்ளித் தலைவர் ஆந்திரியாஸ் ரேயர் எழுதிய கற்பித்தல் முறை நூல் நாட்டின் பள்ளிகளுக்கெல்லாம் விதியாயிற்று. ஐந்து வயது நிறைந்த பிள்ளை, ஆணோ பெண்ணோ, ஆண்டு முழுவதும் பள்ளிக்கு வரவேண்டும். அனுப்பாத பெற்றோருக்கு அபராதம். 'ஆண்டு முழுவதும்' என்ற சொல்லைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வயல்வேலைக் காலத்தில் வகுப்பு எப்படிக் காலியாகும் என்பது கிராமத்துப் பள்ளியில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும்.

கிறிஸ்தவ வேதபாடத்தோடு நிற்காமல், இயற்கைப் பொருள்களைப் பற்றியும் பயனுள்ள கலைகளைப் பற்றியும் ஒரு பாடநூல் 1657-இல் அச்சாயிற்று. எர்ன்ஸ்ட் நாட்டுக் குடியானவன் வேற்றூர்ப் பிரபுவைவிடப் படித்தவன் என்று சொல்வழக்கே உண்டானது. 1643-இல் அவர் கட்டத் தொடங்கிய அரண்மனைக்கு 'ப்ரீடன்ஸ்டைன்', அதாவது சமாதானக் கல் என்று பெயர். அதன் வாயிலில், சமாதானம் ஊட்டி வளர்க்கும், பகை தின்று தீர்க்கும் என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது.

குறையையும் சொல்லவேண்டும். வளர்ந்தவர்களைக்கூட உட்காரவைத்து வேதபாடத்தில் கேள்வி கேட்ட கண்டிப்பு அவருடையது. அவர் ஆட்சியிலும் சூனியக்காரிகள் என்று பெண்கள் மேல் வழக்கு நடந்தது. அதை எந்தப் பள்ளிக்கூடத்தைக் காட்டியும் மன்னிக்க முடியாது. 1675-இல் அவர் இறந்தபின், 1680-இல் ஏழு மகன்களும் நாட்டை ஏழாகப் பிரித்துக்கொண்டார்கள்.

எனக்கு இதில் இன்னொரு ஈடுபாடும் உண்டு. எர்ன்ஸ்டிடம் பணியாற்ற 1666-இல் கோத்தாவுக்கு வந்த ஒரு சட்ட அறிஞரின் மகன் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே. கோத்தாவில் வளர்ந்த அந்தப் பையன்தான் பின்னாளில் ஹாலே நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை எழுப்பினார். அந்த ஹாலேயில் படித்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், தமிழ் அச்சுக்கூடமும் வைத்தார். சிறுவயதில் தரங்கம்பாடிக் கோட்டை மதிலில் ஏறி விளையாடிய எனக்கு, கோத்தா அன்னிய ஊராகவே தோன்றவில்லை.

1717 என்ற ஆண்டைத் திருத்தி அடுத்த இதழில் ஒரு குறிப்பு வெளியிடுங்கள். இடமிருந்தால், கோத்தா பள்ளிகளைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றும் வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
மயிலாடுதுறை.