செயலாளர் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நைரோபியில் நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி மூன்றும் வழக்கம்போல நடந்தன. பொங்கல் விருந்துக்கு வந்த கூட்டத்தில் இலை போதவில்லை.

நைரோபியின் குடிசைப் பகுதியான முகுருவில் நாம் உதவும் பள்ளியின் கழிப்பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிழைக்க நைரோபி வந்த நமக்கு இந்த வேலை எதற்கு என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. கென்யாவில் 2003 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் முகுருவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகள் போதாது. தகரக் கொட்டகையில் கட்டணம் வாங்கி நடத்தும் சிறு பள்ளிகளில்தான் பலர் படிக்கிறார்கள். நாம் உதவும் பள்ளியும் அப்படிப்பட்டதுதான். அங்கே முன்பு ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே குழிக் கழிப்பறைதான். கதவுக்குப் பதில் சாக்குப்படுதா. மாணவிகளுக்கு நாப்கின் இலவசமாகத் தர 2017இல் சட்டமே வந்தது. சரி, அதை மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாள் உள்ள ஓர் இடம் வேண்டாமா? பெரிய பெண்கள் அந்த நாட்களில் பள்ளிக்கே வருவதில்லை என்று தலைமையாசிரியை சொன்ன பிறகுதான் பிப்ரவரியில் இரண்டு கழிப்பறைகள் கட்டினோம்.

ஏப்ரல் மழையில் நைரோபியே மிதந்தது. பள்ளி திறப்பும் மே 13க்குத் தள்ளிப்போனது. நாம் கட்டிய கழிப்பறையின் குழி நிரம்பி வழிந்தது. கழிவு உறிஞ்சும் லாரி அந்தச் சந்துக்குள் நுழையாது. இளைஞர்கள் ராத்திரியில் வாளியால் அள்ளி, டிரம்மில் நிரப்பி, ‘ம்கோகோதேனி’ என்னும் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். டிரம் கணக்கில் கூலி. வகுப்பறைக்கு வண்ணம் அடிக்கும் செலவை ஏற்க மூன்று பேர் போட்டி போட்டீர்கள். சுவரில் பெயர் வரும். குழி அள்ளும் கூலியைக் கொடுக்க மட்டும் ஆள் இல்லை. வேண்டுமானால் அங்கேயும் பலகை மாட்டத் தயார்.

பள்ளியைப் பார்க்கக் கிளம்பிய ஞாயிறன்று வேனில் பாதி இருக்கை காலி. வருகிறோம் என்று வாட்ஸ்ஆப்பில் கட்டைவிரல் காட்டியவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, வாசிக்கப் போவதில்லை. சந்தாவும் அதே கதைதான். ஏறத்தாழ பாதிப் பேர் பாக்கி. தக்காளி வாங்கினால்கூடக் கைபேசியில் எம்-பெசா வழியாகப் பணம் கொடுக்கிறோம், சந்தாவுக்கு மட்டும் நெட்வொர்க் கிடைப்பதில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. துண்டு விழுந்ததைத் தீபாவளி மிச்சத்தில் சரிக்கட்டினோம். விவரம் பொருளாளர் வாசிப்பார்.

இடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், சமையல் பார்த்துக்கொண்ட சகோதரிகளுக்கும், சிமெண்ட் மூட்டைகளை அடக்க விலைக்குக் கொடுத்த உறுப்பினருக்கும் நன்றி.

மார்ச்சில் மறுபடி மழை தொடங்கும். அதற்குள் ஒருமுறை குழி அள்ளியாக வேண்டும். கையிருப்பு அதற்குக் காணாது. வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, பெயரைச் சாப்பாட்டுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.