கார்மென் ஹெரேரா 89 வயதில் ஓவியர் ஆகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வேறு நாட்டில் குடியேறிய ஓவியர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் தூரிகையை எடுத்த கதையைச் சென்ற இதழில் படித்தேன். நல்ல கட்டுரை. படித்து முடித்த பிறகுதான் பக்கத்தில் இருந்த கட்டச் செய்தி கண்ணில் பட்டது. அதில் கார்மென் ஹெரேராவை ‘89 வயதில் ஓவியர் ஆனவர்’ என்று போட்டிருந்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த வயதில், அதாவது 2004இல், அவருடைய ஓவியம் முதன்முதலாக விலைபோனது. அவ்வளவுதான். 1915இல் கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர் அவர். 1940களின் கடைசியில் பாரிஸில் இருந்தபோதே நேர்கோடுகளும் தட்டையான சில நிறங்களும் மட்டும் போதும் என்ற தன் வழிக்கு வந்துகொண்டிருந்தார். 1954இல் நியூயார்க்கில் நிலையாகத் தங்கிய பிறகும் வரைந்துகொண்டேதான் இருந்தார். ஆண் ஓவியர்களையெல்லாம் மிஞ்சி வரைகிறாய், ஆனாலும் நீ பெண் என்பதால் கண்காட்சி தர மாட்டேன் என்று ஒரு கேலரிக்காரர் முகத்துக்கு நேரே சொன்னதை ஹெரேராவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவரும் ஒரு பெண்தான் என்பது தனிக் கூத்து. 2016இல் விட்னி அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தபோது வயது 101. அவர் தன் வேலையைக் காலத்தோடுதான் செய்தார். வந்து பார்க்க வேண்டியவர்கள் அரை நூற்றாண்டு தாமதமாக வந்தார்கள்.

லுச்சிட்டா ஹுர்டாடோவையும் அதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். வெனிசுலாவில் பிறந்து, எட்டு வயதில் நியூயார்க் வந்தவர். பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் வரைவார். கணவரும் ஓவியர். கணவர் இறந்து பல வருடங்கள் கழித்து அவருடைய படைப்புகளை ஒழுங்குபடுத்தியபோது, நடுவே ‘எல்.ஹெச்.’ என்று கையெழுத்திட்ட படங்கள் வந்துகொண்டே இருந்தன. யார் அந்த எல்.ஹெச். என்று விசாரித்தால், வீட்டம்மா! 2019இல் லண்டன் செர்பென்டைன் கேலரியில் அவர் படங்கள் தொங்கியபோது வயது 98.

இவர்களெல்லாம் நிறுத்தாதவர்கள். கை நிஜமாகவே நின்றுபோவது வேறு விஷயம். அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் உங்கள் கட்டுரை ‘குடும்பப் பொறுப்புகள் காரணமாக’ என்ற ஒரே வரியில் தாண்டிவிட்டது.

நானும் நாடுவிட்டு நாடு வந்தவள், எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவள். வந்த புதிதில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பென்டைன் வாடை ஜன்னலைத் திறந்தாலும் போகாது. ஒரு கேன்வாஸ் காய நாள்கணக்கில் ஆகும். அதுவரை அதை எங்கே சாய்த்து வைப்பது? வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். தவழும் குழந்தை இருக்கிற வீடு. சரி, இப்போதைக்கு வேண்டாம் என்று டியூப்களைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன். ஓவியப் பட்டத்தை மதிப்பார் யாரும் இல்லாததால் கணக்கெழுதும் வேலைக்குப் போனேன். அந்த ‘இப்போதைக்கு’ 27 வருடம் ஓடியது. ஒருநாளும் வரைவதை விட்டுவிடுகிறேன் என்று நான் முடிவெடுக்கவில்லை.

மறுபடி பெட்டியைப் பிரித்தபோது மூடிகளை வெந்நீரில் முக்கித்தான் திருக முடிந்தது. வெள்ளை கல்லாகியிருந்தது. காவியும் நீலமும் உள்ளே வெண்ணெய் மாதிரி அப்படியே இருந்தன. கை ஒரு மாதத்தில் வழிக்கு வந்துவிட்டது. ஏமாற்றியது கண். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை பழுப்பேறி நீல ஒளியை மறைக்கும். அது தெரியாமல் வானம் மங்கலாக இருக்கிறதே என்று நீலத்தை வாரி வாரிப் பூசியிருக்கிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகு அந்தப் படங்களைப் பார்த்தால், சொட்டு நீலத்தில் முக்கி எடுத்த மாதிரி இருக்கின்றன. 1923இல் கண்புரை அறுவை செய்துகொண்ட பிரெஞ்சு ஓவியர் மோனேவும் அதன் பிறகு நிறங்களோடு மல்லுக்கட்டினார் என்று படித்து மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது தண்ணீரில் கரைகிற எண்ணெய் வண்ணம் கிடைக்கிறது, டர்பென்டைனே தேவையில்லை. இது அன்றே என் கைக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நாடு மாறியதால் தன் கலை நடுவே நின்றுபோய் மறுபடி தொடங்கியவர் என்று கட்டத்தில் நீங்கள் போட்டிருக்க வேண்டியவர் ஈரானின் மோனிர் ஷாருதி ஃபர்மன்ஃபர்மயன். கண்ணாடியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிச் சாந்தில் பதிக்கும் கலை அவருடையது. 1979இல் புரட்சி நடந்தபோது நியூயார்க்கில் இருந்தார். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. சொத்துகள் பறிபோயின. கண்ணாடி எல்லா ஊரிலும் கிடைக்கும். அவர் கேட்ட நுணுக்கத்தில் அதை வெட்டத் தெரிந்த கைவினைஞர்கள் ஈரானில்தான் இருந்தார்கள். அதற்காக அவர் சும்மாவும் இருந்துவிடவில்லை. வரைந்தார், ஒட்டுப்படம் செய்தார், பழைய நினைவுப் பொருட்களைச் சின்னப் பெட்டிகளுக்குள் அடுக்கினார். 2004இல், எண்பதைத் தாண்டிய வயதில், ஈரானுக்குத் திரும்பி டெஹ்ரானில் மறுபடி பட்டறை போட்டார். அதன் பிறகு செய்தவை பழையவற்றின் நகல் இல்லை. முக்கோணத்தில் தொடங்கிப் பத்துப் பக்க வடிவம் வரை ஒரு வரிசையே செய்தார். 2015இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைக் கண்காட்சியாக வைத்தது. 2017இல் டெஹ்ரானில் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் திறந்தது.

ஹெரேரா பற்றிய வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், உங்கள் நிருபர் அந்த ஓவியரை மறுபடி சந்தித்தால், வரையாமல் இருந்ததாகச் சொல்லும் வருடங்களில் பேப்பர் ஓரங்களில் கிறுக்கியதையெல்லாம் எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள். என்னுடையவை ஒரு செருப்புப் பெட்டியில் இருக்கின்றன. பெரும்பாலும் ரசீதுகளின் பின்பக்கம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி