தனி ஆளுக்கு ரூம் இல்லை என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரி லாட்ஜ் உரிமையாளர்களுக்கும், ரிசப்ஷனில் சாவி எடுத்துக் கொடுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் மஞ்சக்குப்பத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரமாகப் போகிறவர்களுக்கு நம் ஊர் வழியில் இருக்கிறது. செயின் தளர்ந்தாலும் கிளட்ச் கேபிள் அறுந்தாலும் விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுகிறார்கள். வேலை முடிந்து காசு கொடுக்கும்போது பலரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, தனி ஆளுக்கு ரூம் தர்ற லாட்ஜ் இங்க எது?" இன்றுவரை இதற்கு என்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. தனியாக வந்து அறை எடுத்தவர் காலையில் கதவைத் திறக்காமல் போனால் போலீஸ், விசாரணை, பேப்பரில் லாட்ஜ் பெயர் என்று நீங்கள் படுகிற பாட்டைக் கேள்விப்பட்டிருக்கிறேன். புதுச்சேரிப் பக்கம் இன்னொரு தலைவலி. சனிக்கிழமை வந்தால் கும்பலாகப் பைக்கில் வந்து இறங்கி, விடிய விடியக் குடித்து, பக்கத்து அறைக்காரர்களைத் தூங்கவிடாமல் செய்கிறவர்கள். இரண்டையும் பார்த்துப் பழகியதால் ஹெல்மெட்டும் பையுமாக ஒருவர் வாசலில் நின்றாலே "ரூம் ஃபுல்" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

ஆனால் அந்த வாசலில் நிற்பவர் வேறு ஆள். அவர் யார் என்று நான் பார்த்த வரையில் சொல்கிறேன்.

முதலில் வேகம். நெடுந்தூரம் போகிறவர் வண்டியை விரட்டுவதில்லை. விரட்டினால் அவராலும் முடியாது, வண்டியாலும் முடியாது. அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கி.மீ. ஓட்டி, பெட்ரோல் ரசீதுகளோடு நிரூபித்தால் சான்றிதழ் தருவார்கள். கேட்டால் மலைப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் சராசரி மணிக்கு 67 கி.மீ.தான். சீராக ஓட்டுவதும், எங்கே நிற்பது, எப்போது சாப்பிடுவது, உடம்பு எப்போது அசரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதும்தான் அதில் காரியம். என் கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த அளவுக்கெல்லாம் போவதில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்பி, இருட்டுவதற்குள் நானூறு கி.மீ. போனால் போதும் என்பவர்கள். அவர்களுக்கு ராத்திரி வேண்டியது குளியலும் தூக்கமும்.

நடிகர் அஜித்குமார் பைக்கில் ஊர் ஊராகப் போவதைப் படங்களில் பார்த்ததிலிருந்து, இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். என் கடைக்கு வந்தவர்களில் நெய்வேலியில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு பையன் உண்டு. ஸ்பிளெண்டரில் லடாக் போய்வந்தவன். கர்துங் லா ஏற்றத்தில் காற்று மெலிந்து கார்புரேட்டர் வண்டி திணறும். முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறி, முடியாத இடத்தில் இறங்கித் தள்ளியிருக்கிறான். பெட்ரோல் பங்கிலும் குருத்வாராவிலும் படுத்திருக்கிறான். ஏன்டா போனாய் என்று கேட்டேன். "பிறந்ததிலிருந்து சுரங்கத்தைத்தாண்ணே பார்க்கிறேன்" என்றான். விசாகப்பட்டினத்து பரத்வாஜ் தயாளா 2006-இல் கிளம்பி உலகைச் சுற்றி வந்தது கரிஸ்மாவில். நம் தெருவில் ஓடுகிற வண்டிதான் அது.

பண்ருட்டிப் பக்கத்து முன்னாள் ராணுவக்காரர் ஒருவர், பழைய புல்லட்டை என்னிடம் கொடுத்து முழுதாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு லடாக்கில் இருக்கும் லே வரைக்கும் போகப் போகிறேன் என்றார். அந்த அம்மா, அவர் வேலை பார்த்த இடத்தை போட்டோவில்தான் பார்த்திருக்கிறாராம். அவர் பனியில் நின்ற வருஷங்களில் இவர் இங்கே பிள்ளைகளோடு தனியாக நின்றிருக்கிறார். "எங்கே இருந்தேன்னு அவளுக்குக் காட்டணும்பா" என்றார். இவர்களைத் தவிர வளைகுடாவில் ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கிளம்புகிறவர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், பரீட்சை முடிந்த பிள்ளைகள் என்று எல்லா மாதிரியும் உண்டு.

எதற்குப் போகிறார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் திரும்பத் திரும்பக் காதில் விழுவது இரண்டு. ஒன்று, ஊரை உடம்பால் தெரிந்துகொள்வது. மரக்காணம் உப்பளத்தைத் தாண்டும்போது உதட்டில் உப்பு கரிக்கும். கடலூர் முதுநகரில் கருவாடு, சிப்காட்டில் அந்த மருந்து நெடி, வைகாசியில் பண்ருட்டி மண்டியில் பலா வாசனை, கொள்ளிடம் பாலத்தில் ஆளைத் தள்ளும் காற்று. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு இதில் எதுவும் இல்லை.

இரண்டாவது, மனிதர்கள். காரில் வருகிறவரிடம் யாரும் போய்ப் பேசுவதில்லை. பைக்கை டீக்கடையில் நிறுத்தினால் "எங்கிருந்து தம்பி வர்றே?" என்று பெரியவர் ஒருவர் தானாகக் கேட்பார். பஞ்சர் ஆனால் யாராவது நிறுத்தி உதவுவார். பைக்கில் போகிறவர் முன்பின் தெரியாதவரை நம்பித்தான் போகிறார், அந்த நம்பிக்கை பலிக்கிறதைப் பார்க்கத்தான் பலர் போகவே செய்கிறார்கள். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. நம் மாவட்டத்துக்கு பைக்கில் வருகிறவர்களை நான் அங்கே சாப்பிட அனுப்புவது வழக்கம். இலை முன்னால் உட்கார்ந்தவரிடம் எதற்குத் தனியாக வந்தாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

நீங்கள் கேட்கிறீர்கள். பெண் என்றால் இன்னும் அதிகமாகக் கேட்கிறீர்கள்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் கண்ணூரைச் சேர்ந்த ஒரு பெண் என் கடைக்கு வந்தார். சென்னையிலிருந்து தனுஷ்கோடி போகிறவர். பின்சக்கர ஸ்ப்ராக்கெட் பல் தேய்ந்து செயின் எகிறிக்கொண்டிருந்தது. அதை மாற்றும்போதுதான் கவனித்தேன்: கிளட்ச் கேபிளை ஒட்டியே புது கேபிள் ஒன்றை முன்கூட்டியே ஓட்டி, இரண்டு நுனியிலும் கிரீஸ் தடவி டேப் சுற்றி வைத்திருந்தார். பழையது அறுந்தால் நடுரோட்டில் பத்து நிமிஷத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பலாம். அவ்வளவு யோசித்துக் கிளம்பியவர். ஊருக்குள் நுழையும் முன்பே போனில் அறை பதிவு செய்து பணமும் கட்டியிருக்கிறார். நேரில் பார்த்ததும், "லேடீஸ் தனியா வந்தா தர்றதில்ல மேடம், வீட்டுக்காரர் வரலையா?" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த இடத்திலும் அதே பதில். மழையில் ஊறிய விரல்கள் விறைத்துப்போய் பையின் ஜிப்பைக்கூட அவரால் திறக்க முடியவில்லை. அந்த நிலையில் என்னிடம், "சேட்டா, சிதம்பரம் எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்டார். நான் விடவில்லை. என் மனைவிக்குப் போன் செய்தேன், அவள் வந்து வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

பிரான்ஸ் நாட்டு ஆன்-ஃபிரான்ஸ் தோத்வில் 1973-இல் 125 சிசி கவாசாகியில் தனியாக உலகத்தைச் சுற்றினார். ஐம்பது வருஷத்துக்கு அப்புறமும் நம் ஊரில் ஒரு பெண் பைக்கில் வந்து நின்றால் வீட்டுக்காரரைத் தேடுகிறோம். எனக்கு இது உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

சிதம்பரம் ஏறக்குறைய 45 கி.மீ. பகலில் அது தூரமே இல்லை. ஆனால் இருட்டில், மழையில், நாள் முழுக்க ஓட்டிக் களைத்த உடம்போடு அந்த ரோட்டில் போவது வேறு. எதிரே ஹைபீம் அடித்துக்கொண்டு பஸ் வந்தால் ஹெல்மெட் கண்ணாடியில் இருக்கும் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக மின்னும். ரோடு தெரியாது. பின்விளக்கே இல்லாத கரும்பு டிராக்டர், நடுவில் படுத்திருக்கும் மாடு, வேலை நடக்கும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் ஜல்லி எல்லாம் கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். பைக்கில் போகிறவர் இருட்டுவதற்குள் நின்றுவிட வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதனால்தான். "ரூம் இல்லை" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அந்த விதியை உடைத்து அவரை மறுபடி ரோட்டில் ஏற்றிவிடுகிறது. லாட்ஜுக்குள் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள், சரி. வெளியே ஏதாவது ஆகிவிட்டால் அது உங்கள் கணக்கில் வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பயத்தைப் பற்றியும் நேராகவே பேசிவிடுகிறேன். விருத்தாசலம் பக்கம் ஒருவர், மனைவி இறந்த பிறகு பைக்கில் சுற்ற ஆரம்பித்தார். "வீட்ல உட்கார்ந்தா நினைப்பு ஓடுது. வண்டியில உட்கார்ந்தா ரோட்டைத்தானே பார்க்கணும்" என்பார். புதுச்சேரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணும் கிட்டத்தட்ட இதையே வேறு மாதிரி சொன்னார்: டூட்டியில் எந்நேரமும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களாம், வண்டியில் போகும்போது யாரும் கூப்பிட மாட்டார்களாம். துக்கமும் களைப்பும் சுமந்துகொண்டு ரோட்டுக்கு வருகிறவர்கள் உண்டுதான். அவர்கள் அதிலிருந்து மீளத்தான் வருகிறார்கள். அந்த விருத்தாசலத்துக்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு லாட்ஜில் அறை மறுத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். அவரால் ஏதாவது ஆகிவிடும் என்று நினைத்தால், தனியாக வெளியே அனுப்புவதா அதற்கு வழி? சந்தேகமாக இருந்தால் உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எங்கிருந்து வருகிறார், நாளைக்கு எங்கே போகிறார் என்று பேசுங்கள். வீட்டு நம்பர் ஒன்றை வாங்கி அங்கேயே போன் செய்து பாருங்கள். மனசு சரியில்லாதவர் என்று தெரிந்தால் 104-க்குக் கூப்பிட்டால் பேச ஆள் இருக்கிறார்கள். தனி ஆளுக்கு அறை தரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. அடையாள அட்டை வாங்குங்கள், பதிவேட்டில் எழுதுங்கள், வண்டி நம்பரையும் சேர்த்து எழுதுங்கள்.

வெளிநாட்டுக்காரர்களை நீங்கள் தவிர்ப்பதற்குக் காரணம், அவர்கள் தங்கினால் அரசுக்கு அனுப்ப வேண்டிய படிவம் (சி படிவம் என்று சொல்லி வந்தோமே, அது) என்று தெரியும். 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அனுப்ப வேண்டும். புதுச்சேரியில் பலருக்கு அது பழகிவிட்டது. கடலூரில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தால் பழகிவிடும்.

அறை கொடுக்க முடிவு செய்தால் பெரிதாக எதுவும் மாற்ற வேண்டாம். வண்டியை கேட்டுக்கு உள்ளே, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்த இடம் விடுங்கள். நனைந்த ரெயின்கோட்டைக் காயப்போட ஒரு கொடி கட்டுங்கள். காலை ஐந்து மணிக்கு கேட் திறக்க ஆள் இருக்கட்டும். இன்னொன்று, நீங்கள் என்னிடமே குறைப்பட்டது: வெள்ளைத் துண்டில் செயின் கரியைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள் என்று. செயினில் சூடு ஆறுவதற்குள் துடைத்து லூப் ஆயில் அடித்து இரவு முழுக்க விட்டால்தான் மறுநாள் ஓட்டத்துக்கு நல்லது, அதனால்தான் வந்ததும் வராததுமாக அந்த வேலையில் உட்காருகிறார்கள். பார்க்கிங்கில் ஒரு மூட்டை பழந்துணி வைத்துவிட்டால் உங்கள் துண்டு தப்பிக்கும். துணியை நானே அனுப்பிவைக்கிறேன்.

என் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு பலகை மாட்டப் போகிறேன். தனியாக வருகிறவருக்கு, ஆணோ பெண்ணோ, அறை தரும் லாட்ஜ்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும். புதுச்சேரியில் தெரிந்த மெக்கானிக் கடைகளிலும் இதே மாதிரி மாட்டச் சொல்லியிருக்கிறேன். உங்கள் லாட்ஜ் பெயரை எழுதலாமா என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் இரவு எட்டு மணி வரை கடையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் ஒர்க்‌ஷாப்காரன்