நம் தூண்டில் மீன்பிடிப்போர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கத்தில் நடந்தவற்றைச் செயலாளர் என்ற முறையில் எழுதுகிறேன். ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தது ஒன்பது பேர். அங்கே வாசித்ததைக் கொஞ்சம் விரித்திருக்கிறேன், வராதவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று.

செயற்குழு ஆறு முறை கூடியது. மே மாதம் கோவளம் கடற்கரையைச் சுத்தம் செய்தோம். அறுந்து கிடந்த தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) மட்டுமே ஒரு சாக்கு நிறையச் சேர்ந்தது. ஆயுத பூஜை என் வீட்டு மாடியில் நடந்தது. டிசம்பரில் பழவேற்காடு போவதாக இருந்தோம். ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு யாருக்கும் மனம் வரவில்லை, விட்டுவிட்டோம்.

அப்புறம் பயிற்சி வகுப்பு. இதைப் பற்றி ஒரு வரியில் எழுத என்னால் முடியாது.

நம் சங்கத்தில் எல்லோரிடமும் ராடு (தூண்டில் கோல்) உண்டு, ராடு கட்டத் தெரிந்தவர்கள் நான்கு பேர்தான். கைடு (தங்கூசி ஓடும் வளையம்) பிடுங்கிக்கொண்டால் ராடையே தூக்கிப் போடுகிறோம். புது கைடு வைத்து நூல் சுற்ற ஒரு மணி நேரம் போதும். இருந்தும் செய்யாததற்குக் காரணம், அந்த நூலின் மேல் எபாக்ஸி பசை பூசிய ராடைச் சுற்றிக்கொண்டே இருக்கச் செய்யும் டிரையர் யார் வீட்டிலும் இல்லை. பூசிவிட்டு அப்படியே வைத்தால் எபாக்ஸி கீழ்ப்பக்கம் வழிந்து தொங்கிவிடும். கெட்டிப்படும் வரை ராடு மெல்லச் சுழல வேண்டும். கடையில் வாங்கினால் விலை அதிகம். அதனால் பழைய மைக்ரோவேவ் அடுப்புகளில் தட்டைச் சுழற்றும் சின்ன மோட்டாரைத் தேடினேன். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, நமக்கு வேண்டிய வேகமே அதுதான். சென்னை ரிச்சி தெருவிலும் பழைய இரும்புக் கடைகளிலும் மூன்று வாரம் அலைந்து நான்கு மோட்டார் சேர்த்தேன். பி.வி.சி. குழாய் மூடியில் மூன்று பக்கமும் திருகு வைத்து ராடின் அடியைப் பிடிக்கச் செய்தேன். நுனிப்பக்கம் தாங்க, பலகையில் வெட்டிய தாங்கியில் துணி ஒட்டினேன். நான்கும் ஏப்ரல் கடைசியில் தயார்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகில் தொற்றிக்கொண்டு போகும் நம் ஆட்களும் அந்த 61 நாள் வீட்டில்தான் இருப்பார்கள். அதைக் கணக்கில் வைத்து ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வகுப்பு வைத்தேன். பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள், ஒன்பது பேர் முடித்தார்கள். அந்த ஒன்பது பேரும் எட்டடி ஸ்பின்னிங் ராடு ஒன்றைத் தங்கள் கையாலேயே கட்டினார்கள்.

முதல் வாரமே ஒரு வாக்குவாதம். பிளாங்கின், அதாவது கைடு கட்டாத வெறும் கோலின், நுனியை அழுத்தி உருட்டினால் ஒரு பக்கமாகத் துள்ளித் திரும்பும். அதைத்தான் ஸ்பைன் என்கிறோம். கைடுகளை அந்தக் கோட்டில்தான் வைக்க வேண்டும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் ஒற்றைக் காலில் நின்றார். பிளாங்கின் வளைவைப் பார்த்து, நேராகத் தெரியும் கோட்டில் வைத்தால் போதும் என்பது என் கருத்து. மீன் இழுக்கும்போது ராடு திருகுவதை முடிவு செய்வது, கைடு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதுதான். ஸ்பைனுக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்தோம். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஆறு வாரமும் தவறாமல் வந்தார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

கைடுகளுக்கு இடம் குறிக்கும் வேலைதான் எல்லோருக்கும் பிடித்தது. கைடுகளை டேப்பால் ஒட்டி, தங்கூசி கோத்து, நுனியில் எடை கட்டி ராடை வளைப்போம். தங்கூசி பிளாங்கின் வளைவை ஒட்டியே போக வேண்டும். எங்காவது வளைவை விட்டு நேர்க்கோடாக விலகினால் அங்கே கைடு போதவில்லை என்று அர்த்தம். ஓர் அங்குலம் நகர்த்தினாலே வளைவு மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். தன் அப்பாவோடு வந்த எட்டாம் வகுப்புப் பையன் இதை மூன்று மணி நேரம் செய்துகொண்டிருந்தான், சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. ஆகஸ்டில் முட்டுக்காட்டில் அவன் தன் ராடில் ஒரு கொடுவா பிடித்தான். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. படம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஐந்து ராடுகளில் பூச்சு சரியாக வரவில்லை என்ற புகாருக்குப் பதில் சொல்ல வேண்டும். பூச்சில் அங்கங்கே சின்னச் சின்னக் குழி விழுந்தது. தவறு என்னுடையது. எபாக்ஸியின் இரண்டு பாகங்களான ரெசினையும் ஹார்டனரையும் சரிசமமாக அளக்க மருந்துக் கடை சிரிஞ்சு வாங்கினேன். அதன் உள் ரப்பரில் வழுக்கலுக்காகத் தடவியிருக்கும் சிலிகான் எபாக்ஸியில் கலந்தால் பூச்சு அந்த இடத்தில் ஒட்டாமல் விலகும். ஐந்தையும் என் செலவில் மெல்லத் தேய்த்து மறுபடி பூசிக் கொடுத்துவிட்டேன். இப்போது அளவுக் கோப்பைதான்.

ஆனால் நவம்பர் வகுப்பில் பூச்சு வெள்ளையாக மங்கியதற்கு நான் பொறுப்பில்லை. மழைக்கு முன்னால், செப்டம்பரில் வைக்கலாம் என்று எழுத்தில் கேட்டிருந்தேன். செயற்குழு முடிவு செய்வதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. அந்த ஈரக் காற்றில் ஹார்டனர் ஈரத்தை இழுத்து மேலே பிசுபிசுப்பான படலம் படிந்துவிட்டது. தண்ணீரில் துடைத்து, காயவைத்து, மறுபடி பூசலாம். வேண்டியவர்கள் கொண்டு வாருங்கள்.

மொத்தமாக வரவழைத்த பன்னிரண்டு பிளாங்குகளில் மூன்று நசுங்கி வந்தன. கூரியர் நிறுவனத்துக்கு நான்கு கடிதம் எழுதியும் பதில் இல்லை. நசுங்கியவற்றைப் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு நான் கொடுக்காததில் சிலருக்கு வருத்தம். கார்பன் நாரில் விழுந்த உள் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மீன் இழுக்கும் நேரத்தில்தான் தெரியும். இனி பி.வி.சி. குழாய்க்குள் வைத்து அனுப்புபவரிடம் மட்டுமே வாங்குவோம்.

ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். கார்பன் ராடில் மின்சாரம் பாயும். எண்ணூர்ப் பக்கம் தாழ்வான மின்கம்பிகளுக்குக் கீழே ராடை நிமிர்த்திப் பிடித்து நடப்பதை நானே பார்த்தேன். இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள். மீன் அடுத்த நாளும் இருக்கும்.

கணக்கு: சந்தாவாகவும் நன்கொடையாகவும் வந்தது நூல், எபாக்ஸி, கார்க் வாங்குவதற்கும் கூட்டச் செலவுக்கும் ஏறக்குறைய சரியாகப் போய்விட்டது. கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. மோட்டார், பலகை, மின்கம்பிச் செலவைச் சங்கக் கணக்கில் நான் காட்டவில்லை.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினர்கள் 43 பேர், ஆண்டுச் சந்தா 600 ரூபாய், கட்டியவர்கள் 18 பேர். மாதம் 50 ரூபாய் கொடுக்க முடியாதவர் நம்மில் யாரும் இல்லை என்றே நினைக்கிறேன். இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன். கட்டாத 25 பேரில் 11 பேர் வகுப்புக்கு வந்து சங்கத்தின் நூலையும் எபாக்ஸியையும் பயன்படுத்தினார்கள். அவர்களை ஒருநாளும் திருப்பி அனுப்பவில்லை, இனியும் அனுப்ப மாட்டேன். ஆனால் திறந்த ஹார்டனர் நாள்பட்டால் மஞ்சளாகிவிடுகிறது, ஒவ்வொரு வகுப்புக்கும் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக் கூட்டத்துக்கு வருவதாக வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் காட்டியவர்கள் 31 பேர். அத்தனை பேருக்கும் டீயும் சுண்டலும் சொல்லி வைத்திருந்தேன். என் மனைவி அன்று கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தலைவருக்கும் பொருளாளருக்கும் செயற்குழுவினருக்கும், மாடியை ஞாயிறுதோறும் விட்டுக்கொடுத்த என் குடும்பத்தாருக்கும், எபாக்ஸி நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பத்துப் பேருக்காவது வகுப்பு நடத்த ஆசை. கல் மூங்கிலில் தாத்தா காலத்துத் தூண்டில் கோல் ஒன்று கட்டிப் பார்க்கவும் எண்ணம் இருக்கிறது. ஆனால் ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம், மாடி அறை அதற்குமேல் எனக்குக் கிடைக்காது. வீட்டில் பத்தடிக்கு எட்டடி இடமும், ஒரு பிளக் பாயிண்டும், தூசி வராதபடி மூடும் கதவும் இருப்பவர் யாராவது முன்வந்தால் மூன்று டிரையரையும் நானே கொண்டுவந்து பொருத்தித் தருகிறேன். செயலாளர் பொறுப்பையும் யாராவது ஏற்க விரும்பினால் நோட்டுப் புத்தகங்கள் தயாராக இருக்கின்றன. இல்லையென்றால் நானே தொடர்கிறேன்.

நான்காவது டிரையரைச் செப்டம்பரில் ஒருவர் இரவல் வாங்கிப் போனார். நான் வீட்டில் இல்லாவிட்டால் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகலாம். எதுவும் கேட்க மாட்டேன்.

செயலாளர்