மேஸ்திரி அண்ணனுக்கும், கூட நின்றவர்களுக்கும்

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் ஹோம்ஸ்டே வீடுகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். கழிவறைக் குழிகள் நிரம்பிக் கசிந்து கிணற்றுத் தண்ணீர் கெட்டது; அதற்கு மேல் திரும்ப எழுதப் போவதில்லை. தண்ணீரில் மலக்கிருமி இருந்தால் கறுத்துவிடும் சோதனைப் பாட்டில், கடைசி வீட்டிலும் நேற்றோடு இரண்டு நாள் கறுக்காமல் நின்றுவிட்டது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதலில் மேஸ்திரி அண்ணனுக்கு. பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை. சாமை வாங்க ஜமுனாமரத்தூர் வந்தவர் அவர். கடையில் யாரோ எங்கள் ஊர்ப் பேச்சை எடுத்திருக்கிறார்கள். வாங்கிய மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார். அதற்குள் ஊரில் ஆளாளுக்கு ஒரு யோசனை: பெரிய செப்டிக் டேங்க் கட்டலாம், கழிவு லாரியைக் கூப்பிடலாம், ஹோம்ஸ்டேவையே மூடிவிடலாம். லாரி ஏறும் பாதையா எங்களுடையது? வந்தவர் எந்த யோசனைக்கும் பதில் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “குளிக்கிற தண்ணி எங்க போகுது?”

கழிவறைக் குழிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரர் இரண்டு குழாயையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டிருந்தார். அதில் என்ன தப்பு என்று மேஸ்திரி அண்ணன் கரித்துண்டால் சுவரில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை இங்கே முழுதாகத் தருகிறோம். மலையில் வீட்டை விருந்தினருக்குத் திறக்க நினைக்கும் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

இங்கே எல்லா வீட்டிலும் இரட்டைக் குழிக் கழிவறைதான்: ஒரு குழி வேலை செய்யும்போது மற்றது ஓய்வில் இருக்க வேண்டும். ஒரு குழி ஒரு மீட்டர் விட்டம். குழாய் சேரும் மட்டத்துக்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம். தண்ணீரை மண்ணுக்குள் விடும் சுவர்ப் பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். மணல் கலந்த மண்ணில் ஒரு சதுர மீட்டர் நாளைக்கு 30 லிட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும், களிமண் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, நல்ல மண்ணிலேயே ஒரு குழி நாளைக்கு 90 லிட்டர் குடிக்கும். வீட்டார் 5 பேர், சனிக்கிழமை வரும் விருந்தினர் 6 பேர் என்று வையுங்கள். கழிவறையில் ஆளுக்கு 6 லிட்டர் என்றால் 66 லிட்டர், குழி தாங்கும். குளிக்க ஆளுக்கு 15 லிட்டர் வாளியில் இரண்டு என்றால் 330 லிட்டர். அதுவும் காலை இரண்டு மணி நேரத்துக்குள். மேலே மழை வேறு. ஊறிய மண் எதையும் வாங்காது. குழி நிரம்பிப் பக்கவாட்டில் கசிந்து, பாறை வெடிப்பு காட்டிய வழியில் இறங்கும். அந்த வழியின் முடிவில் கிணறு இருக்கும்.

அன்று மாலையே வேலை தொடங்கியது. குளியலறைக் குழாயை வெட்டி வேறு பக்கம் திருப்பினார். அதற்கென்று நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டராக ஓர் உறிஞ்சுகுழி. அடியில் தலையளவு கல், நடுவில் கையளவு கல், மேலே ஜல்லி. குழாய் வந்து விழும் இடத்தில் அடியில் ஓட்டை போட்ட பழைய பானை. அதற்குள் தேங்காய் நார். முடியும் சோப்பு அழுக்கும் நாரிலேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை நாரை எடுத்து அலசிப் போட வேண்டும், விட்டால் ஒரே மழைக்காலத்தில் கல்லெல்லாம் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் இரண்டு வாழைக்கன்று வைக்கச் சொன்னார். வைத்துவிட்டோம்.

பிறகு சேம்பர். இரண்டு குழிக்கும் நடுவில் குழாய் இரண்டாகப் பிரியும் அந்தச் சின்னத் தொட்டி. எந்த நேரமும் ஒரு கிளை அடைத்திருக்க வேண்டும். பல வீடுகளில் இரண்டும் திறந்தே கிடந்தன. இரண்டு குழியும் சேர்ந்து நிரம்பினால் ஓய்வெடுக்க ஒன்றும் மிஞ்சாது. கோணித்துண்டைச் சுருட்டி, களிமண்ணில் தோய்த்து, ஒரு கிளையை அடைத்துக் காட்டினார். நிரம்பிய குழியை இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது வாடையில்லாத எருவாகிவிடும். ஆறு மாதத்தில் அவசரப்பட்டுத் திறந்தால் நோய்க்கிருமி உயிரோடு இருக்கும். குழி நிரம்பிவிட்டது என்பதற்கு அடையாளம், கழிவறைக் கோப்பையில் ஊற்றிய தண்ணீர் மெல்ல மெல்ல இறங்குவது. அப்போது பலரும் செய்வது ஃபினாயில், ஆசிட் ஊற்றுவது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர் அதில் செத்துப்போகும், குழி இன்னும் சீக்கிரம் நிரம்பும். சேம்பர் மூடியைத் திறந்து கிளை மாற்றும் வேலையை அவர் ஆண்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரையும் தன் எதிரிலேயே ஒருமுறை செய்ய வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். விருந்தினர் கழிவறையை நாள்தோறும் பார்ப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஓடைக்கரையில் இருக்கும் இரண்டு வீடுகளில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். அங்கே குழியின் வாயை ஓர் அடி உயர்த்தி, சுற்றி ஐந்து அடிக்கு மண் அணைத்துத் திமிசு போட்டார். கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே 10 மீட்டராவது வேண்டும் என்பது பொது விதி. வெடிப்புள்ள பாறையில் அந்த விதியை மட்டும் நம்பக் கூடாது, பாட்டில் சோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். குழாய்க்கு ஆன பணத்தை பில்லைக் காட்டி வாங்கிக்கொண்டார். கூலியைப் பற்றிப் பேச்செடுத்தபோது, சேம்பர் மூடி ஒன்று விரிசல் விட்டிருப்பதைக் காட்டி அதற்குச் செலவழிக்கச் சொல்லிவிட்டார்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். வீடு வீடாகச் சோதனைப் பாட்டில் கொடுத்து, தண்ணீர் கறுத்தால் என்ன பொருள் என்று சலிக்காமல் சொன்ன கிராம சுகாதார செவிலியர். குளோரின் போட்டு ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுத்தந்த இளைஞர்கள். சிமெண்ட் உறையைப் பஸ் கூரையில் ஏற்ற விட்ட நடத்துநர். முன்பணத்தைத் திருப்பிக் கேட்காத விருந்தினர்கள். பொதுச் சமையலில் கை கொடுத்த மகளிர் குழு. எல்லோருக்கும் கும்பிடு.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மலைக்கிராமச் சுற்றுலா என்றதும் வளைவு, பெயர்ப்பலகை, கட்டில், வழிகாட்டிக்குச் சட்டை என்று பணம் வரும். குழிக்கு யாரும் தருவதில்லை. கோவை மாவட்டத்தில் பில்லூர் அணை நீர்ப்பரப்பை ஒட்டிய பரளிக்காட்டில் பரிசல் சவாரி, பழங்குடிப் பெண்கள் சமைக்கும் மதியச் சாப்பாடு, மாலையில் திரும்புதல் என்று பகல் பயணமாகவே அமைத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் புத்தி பலர் கண்ணில் படுவதில்லை. இரவு தங்காத கூட்டம் நிலத்தின் மேல் வைக்கும் பாரம் குறைவு. எங்களுக்கு அந்த வழி சரிப்படாது. இந்த மலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் வானம் பார்க்கத்தான் வருகிறார்கள். 1986 முதல் இதே மலையின் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்பதும் இந்த இருட்டை நம்பித்தானே. ராத்திரி தங்காமல் நட்சத்திரம் ஏது? அப்படியென்றால் தங்கும் தலையை எண்ணித்தான் ஆக வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தது இது. ஒரு வீட்டுக்கு 4 விருந்தினர், அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை; கூடுதல் பணம் தந்தாலும் இல்லை. லடாக் ஊர்களில் செய்வதுபோல வீடுகள் முறைவைத்து ஆளை ஏற்கும். ஒரு வாரம் விருந்தினர் வந்த வீட்டுக் குழிக்கு அடுத்த வாரம் ஓய்வு. அறை வாடகையில் நூற்றுக்குப் பத்து ரூபாய் பொதுநிதிக்குப் போகும், அதிலிருந்து கிணறு, குழி, சேம்பர் மூடி ஆகியவற்றுக்கு மட்டுமே எடுப்போம். மாதம் ஒருமுறை பாட்டில் சோதனை. கறுத்த வீட்டின் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். சொந்தக்காரர், தலைவர் என்ற சலுகை கிடையாது.

முன்பணம் கட்டியவர்களுக்குத் தை மாதத்திலிருந்து தேதி ஒதுக்குகிறோம், கட்டிய வரிசைப்படியே. வரும்போது நாப்கின், ஈரத்தாள் போன்றவற்றைக் கோப்பையில் போடாமல், அறையில் வைத்திருக்கும் மூடிபோட்ட டப்பாவில் போடுங்கள். கழிவறைக்கு வாளியில் சிவப்புக் கோடு வரை பிடித்து ஊற்றினால் போதும், 2 லிட்டரில் போய்விடும். மேஸ்திரி அண்ணன் அதையும் ஊற்றிப் பார்த்துத்தான் கோடு போட்டார்.

இப்படிக்கு,
ஊர் ஹோம்ஸ்டே குழுவினர்,
ஜவ்வாது மலை