அப்பா தேடியது எனக்குத் தெரிந்துவிட்டது

அன்புள்ள கண்ணுக்கு,

போன வாரம் கம்ப்யூட்டர் எப்படி ஓடுகிறது என்று நீ கேட்டபோது அப்பா பக்கத்திலேயே இருந்தார். அதனால் "ஓடுது" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். விஷயம் இதுதான்.

ஒரு மாதமாக எதைத் திறந்தாலும் காது கேட்கும் கருவி விளம்பரம். செய்தி படித்தால் ஓரத்தில் ஒன்று, மழை வருமா என்று பார்த்தால் நடுவில் ஒன்று. நான் அப்படி எதையும் தேடவே இல்லை. இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிற இன்னொரு ஆள், "எனக்கு நல்லாத்தான் கேட்குது, நீதான் முணுமுணுக்கிறே" என்று இரண்டு வருஷமாகச் சாதிக்கிறவர்.

சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அவர் தேடியது எனக்கு எப்படி வந்தது? உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் பார்த்த பக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் நிரல் துண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நம் பிரவுசரில் ஒரு எண்ணைப் போட்டுவைக்கிறது. நான் திறக்கும் செய்திப் பக்கத்திலும் அதே நிறுவனத்தின் துண்டு இருந்தால், எண்ணைப் பார்த்து "அட, அந்தக் கம்ப்யூட்டர்" என்று அடையாளம் கண்டுகொள்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அப்பாவா நானா என்பது அதற்குத் தெரியாது.

இப்படித் தளங்கள் பிரவுசரில் போட்டுவைக்கிற சின்னக் குறிப்புக்குத்தான் குக்கீ என்று பெயர். சரி, எல்லாக் குக்கீயையும் அழித்துவிடலாம் என்று அழித்தேன். அது முட்டாள்தனம். மெயில், வங்கி, மின்கட்டணம் எல்லாம் என்னை யாரென்றே தெரியாதது போல் பாஸ்வேர்டு கேட்டன. ஒரு மத்தியானம் முழுக்க அதிலேயே போயிற்று. அப்புறம்தான் புரிந்தது, குக்கீ எல்லாமே வேவு பார்ப்பது இல்லை. 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் லூ மான்டுலி என்பவர் அதை உருவாக்கியதே, ஆன்லைன் கடைக் கூடையில் போட்ட சாமானைத் தளம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். நாம் திறந்த தளம் வைக்கிற குக்கீ இருக்கட்டும். கூடவே நுழைகிற மூன்றாம் ஆளின் குக்கீயைத்தான் அடைக்க வேண்டும்.

ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2020 முதல் அதைத் தானாகவே அடைத்துவிடுகிறதாம். நீ போட்டுக் கொடுத்த குரோமில் நாமேதான் செய்ய வேண்டும். ஒழித்துவிடுவோம் என்று கூகுள் 2020-ல் சொன்னது, 2024-ல் பின்வாங்கிவிட்டது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதை பிளாக் செய்தேன். கையோடு, எந்தெந்தத் தளம் என்னென்ன சேமித்திருக்கிறது என்ற பட்டியலையும் திறந்தேன். பாதிக்கு மேல் நான் ஒருநாளும் கேள்விப்படாத பெயர்கள்! தெரிந்ததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கினேன். ஏதோ ஒரு தளத்தில் மட்டும் வீடியோ வரவில்லை, அதற்குத் தனியாக அனுமதி கொடுத்தேன்.

'ஏற்கிறேன்' என்று பெரிய பொத்தானும், 'மறுக்கிறேன்' என்று பொடி எழுத்தும் வருமே, அங்கே இப்போது பொடி எழுத்தைத்தான் தேடுகிறேன். அப்பா இன்னும் பெரியதைத்தான் அழுத்துகிறார். அதனால் குரோமில் அவருக்குத் தனி ப்ரொஃபைல் வைத்துவிட்டேன். அவர் தேடுவது அவரோடு. இதனால் பின்தொடர்வது முழுக்க நின்றுவிடாது என்பதும் தெரியும். குக்கீ இல்லாமலே, திரை அளவு, எழுத்துரு என்று சேர்த்துப் பார்த்து அடையாளம் பிடிக்கிற வித்தையும் இருக்கிறதாம். அதையும் யோசித்தால் தூக்கம் வராது, விட்டுவிட்டேன்.

இப்போது எனக்கு அந்த விளம்பரம் வருவதில்லை. அப்பாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. அவராகச் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மட்டும் அவரிடம் கொஞ்சம் சத்தமாக, நிதானமாகப் பேசு.

அன்புடன்,
அம்மா